நேரில் வராத கால்கள்

மனிதர்கள் கடைக்கு நேரில் போய்ப் பொருள் வாங்கும் பழக்கத்தைக் காப்பாற்றுவதற்காக ‘நேர்முக வணிகப் புத்துயிர்ப்பு வாரியம்’ என்று ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி, ஜவ்வாது மலையில் மேல்புளியங்கொட்டாயில் செருப்புக்கடை வைத்திருக்கும் அமீனுல்லாவுக்குக் கூரியரில் வந்தது.

கொண்டுவந்தவன் ராஜ்குமார். முதுகில் தன்னைவிடப் பெரிய பையைக் கட்டிக்கொண்டு, ஆலங்காயத்திலிருந்து தினமும் மலையேறி, போனில் வாங்கப்பட்ட சாமான்களை வீடுவீடாகக் கொடுத்துவிட்டு இறங்குகிறவன். தொழில்முறைப்படி அமீனுல்லாவுக்கு எதிரி. ஆனால் காலை டீயை இருவரும் ஒன்றாகத்தான் குடிப்பார்கள்.

அமீனுல்லா உறையைப் பிரிப்பதற்கு முன் விரலால் தடவிப் பார்த்தார். வழவழப்பான, தடித்த தாள். வாணியம்பாடியிலிருந்து வந்து இந்த மலையில் இருபத்திரண்டு வருஷமாக வியாபாரம் செய்கிறவர். மெல்லிய தாளில் வரும் கடிதங்கள் ஏதாவது கேட்கும், தடித்த தாளில் வருபவை ஏதாவது எடுத்துக்கொள்ளும் என்பது அவர் அனுபவம்.

தடித்த தாள் சொன்னது இது: இணையவழி வணிகத்தால் நலிவுற்றுவரும் நேர்முக வணிகத்தைப் பேணும்பொருட்டு, ஊராட்சிக் கட்டடங்களில் உள்ள கடைகள் முப்பது நாட்களுக்குள் நாற்பது நேர்முகக் கொள்முதல்களை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். காட்டினால் வாரியத்தின் அத்தாட்சியும், மேலும் மூன்று ஆண்டுகளுக்குக் கடை அறையும் கிடைக்கும். தவறினால் அந்த அறை ‘பொதி ஒப்படைப்பு மையம்’ ஆக்கப்படும்.

“பொதி ஒப்படைப்பு மையம்னா இன்னாப்பா?” என்றார் அமீனுல்லா.

“நான் கொண்டாற பார்சலை எறக்கி வெக்கிற எடம் பாய்.”

“அப்போ என் ரூம் போனா உனக்கு வருது.”

“எனக்கு இன்னா வருது? கம்பெனிக்கு வருது. எனக்கு அதே பைதான்.”

அமீனுல்லா அவனைச் சற்றுநேரம் பார்த்தார். அவன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். நம்பலாம் போலத்தான் இருந்தது, அதனால் நம்பவில்லை.

அறை போனால் வாணியம்பாடிக்குத் திரும்பி மச்சான் கடையில் ஓரமாக உட்கார வேண்டும். மச்சான் நல்லவர். அதுதான் பயமாக இருந்தது. ஆனாலும் நாற்பது ஒரு பெரிய எண் இல்லை என்று அமீனுல்லா தேற்றிக்கொண்டார். வியாழக்கிழமைச் சந்தைக்குச் செந்தாமரை ஒருத்தி வந்தாலே எட்டு ஒன்பது ஜோடி போகும்.

செந்தாமரை மலைக்கு உள்ளே, பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் சாமை விதைக்கிறவள். அந்த ஊரிலிருந்து எல்லோரும் கடைவீதிக்கு வருவதில்லை, யாராவது ஒருவர்தான் வருவார். செருப்பு தேவைப்படுகிறவர்கள் ஒரு தொடப்பக்குச்சியை எடுத்துக் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை அளந்து ஒடித்து, அடையாளத்துக்கு ஒரு நூலைக் கட்டிக் கொடுத்தனுப்புவார்கள். அமீனுல்லா குச்சியைக் கையில் வாங்கிப் பார்ப்பார். “கால் அகலமா, ஒல்லியா?” என்று கேட்பார். “நடக்கும்போது வெளிப்பக்கம் சாயுவாரா?” என்று கேட்பார். பிறகு ஒரு ஜோடியை எடுத்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் திரும்பி வந்த ஜோடி மூன்று. அதில் ஒன்று, குச்சியைக் கோழி கொத்தியதால்.

வாரியத்தின் வட்டார நோக்கர் தாண்டவராயன் சரியாக ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். கையில் நாற்பத்தெட்டுப் பக்கக் கையேடு. காலில் புத்தம்புது ஷூ. எங்கே வாங்கியது என்று அமீனுல்லா கேட்கவில்லை. தன் கடையில் இல்லை, செங்கத்துக் கடைகளிலும் அந்த மாதிரி வருவதில்லை. மீதி இருப்பது ஒரே இடம்.

“நேரில் வாங்குவது என்றால் என்ன, சொல்லுங்கள் பாய்” என்றார் தாண்டவராயன், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

“நேர்ல வந்து வாங்குறதுங்க.”

“எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.” அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். “அதனால்தான் கையேடு போட வேண்டியிருந்தது.”

அப்போதுதான் செந்தாமரை ஒரு கட்டுக் குச்சிகளோடு படியேறினாள்.

“பாய், ஒம்போது ஜோடி வேணும். செவப்பு நூலு எங்க வூட்டுக்காரரு. பச்ச நூலு கொழுந்தன். ரெண்டு முடிச்சு போட்டது தேனெடுக்கிற கொமரேசன் மாமா, அவருக்கு வாரு கெட்டியா இருக்கணும்னாரு.”

அமீனுல்லாவுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரே நாளில் ஒன்பது. ஜோடிகளை எடுத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம் அம்மா” என்றார் தாண்டவராயன். சிவப்பு நூல் கட்டிய குச்சியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். “இது என்ன?”

“தொடப்பக்குச்சிங்க.”

“இது யாருடைய கால் என்று கேட்டேன்.”

“எங்க வூட்டுக்காரரு கோபால்சாமிதுங்க.”

“அவர் எங்கே?”

“கொடகுல. காப்பிக்கொட்ட பறிக்கப் போயிருக்காரு. மாசி கடைசியில வருவாரு.”

“அப்படியென்றால் இந்தச் செருப்பை வாங்குவது யார்?”

“நான்தாங்க வாங்குறேன். அவரு போட்டுக்குவாரு.”

தாண்டவராயன் கையேட்டின் பதினேழாம் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரில் பெரிய கூட்டம் இருப்பதுபோலப் பேசினார்.

“பொருளைப் பயன்படுத்துகிறவர் தொலைவில் இருக்கிறார். அவருடைய அளவு மட்டும் ஒரு சாதனத்தின் மூலம் கடைக்கு வந்து சேர்கிறது. கடைக்காரர் ஆளைப் பார்க்காமலேயே பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். பொருள் இன்னொருவர் கையில் அவர் வீட்டுக்குப் போகிறது. இதற்கு வாரியம் என்ன பெயர் வைத்திருக்கிறது தெரியுமா? தொலைவணிகம். பாய், நீங்கள் இருபத்திரண்டு வருஷமாக ஆன்லைன் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறீர்கள். கரண்ட் இல்லாமல் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.”

அமீனுல்லா தன் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இத்தனை வருஷம் தனக்கே தெரியாமல் ஏதோ நடந்திருக்கிறது போலிருந்தது.

“கால் நேரில் வர வேண்டும்” என்றார் தாண்டவராயன்.

“இன்னாங்க?” என்றாள் செந்தாமரை.

“எந்தக் கால் செருப்பைப் போடப் போகிறதோ அந்தக் கால் வர வேண்டும்.”

“எங்க வூட்டுக்காரரு கால் மட்டும் எப்பிடிங்க வரும்?”

“அவரையும் சேர்த்துக் கூட்டிவரலாம். அதற்குத் தடை இல்லை.”

அன்றைய கணக்கில் ஒன்பது தொலைவணிகம், பூஜ்யம் நேர்முகக் கொள்முதல் என்று எழுதப்பட்டது. செந்தாமரை செருப்பு வாங்காமலே குச்சிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். போகும்போது தாண்டவராயனை அவள் பார்த்த பார்வை, பூச்சி அண்டாத சாமையில் இது எங்கிருந்து வந்த பூச்சி என்று யோசிக்கிற பார்வை.

ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை அவள் வந்தாள். அமீனுல்லா ஆள்விட்டுச் சொல்லியிருந்தார், அறை போய்விடும் என்று. அவருக்காக எட்டுப் பேர் சாமைக் கதிர் அறுப்பதை ஒருநாள் நிறுத்திவிட்டு, பதினொரு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து வந்திருந்தார்கள். கோபால்சாமியின் கால் மட்டும் குடகிலேயே இருந்தது.

கால்களைப் பார்த்ததும் தாண்டவராயன் முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது.

“இந்தக் கால்கள் வந்தன என்பதைத் தலைமையகம் எப்படி நம்பும்?”

முதலில் போட்டோ எடுத்தார். கால் மட்டும் விழுந்தால் யார் கால் என்று தெரியாது. முகம் மட்டும் விழுந்தால் கால் வந்ததா என்று தெரியாது. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கம் சொன்னது. ஆகவே ஒவ்வொருவரும் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. மரமேறிப் பழகிய குமரேசனுக்கு இது வந்தது. மற்றவர்கள் அமீனுல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அந்த ஏழு படங்களிலும் அமீனுல்லாவும் இருந்தார். மூன்றாம் நபர் இருக்கும் படம் செல்லாது என்றார் தாண்டவராயன்.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு பெரிய பதிவேட்டையும், தட்டு அளவுக்கு ஒரு ஊதா மைப்பெட்டியையும் எடுத்தார். இடது கால், வலது கால், பெயர், ஊர், அடையாள எண், கைபேசி எண்.

“கால் ரேகை எதுக்குங்க?” என்றாள் செந்தாமரை.

“நீங்கள் நேரில் வந்ததற்குச் சான்று.”

“நான்தான் நேர்ல நிக்கிறனே. நீங்களே பாக்குறீங்களே.”

“நான் பார்ப்பது சான்று ஆகாது அம்மா.”

குமரேசன் முன்னால் வந்தார். அவர் காலில் வெடிப்புகள் ஆழமாக ஓடின. அப்படி ஒரு கால் அந்த மலையில் இன்னொன்று இருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

“சாரு, இந்த நோட்டு அப்புறம் எங்க போவும்?”

“தலைமையகத்துக்கு.”

“அங்கருந்து?”

“தேவைப்படும் துறைகளுக்கு.”

“தேவப்படும் தொறைங்க” என்று குமரேசன் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “நாங்க காட்டுல நடக்குறவங்க. மண்ணுல தடம் விழும். யாரோ எங்கியோ ஒரு மரத்த வெட்டுனா, கீழ பாரஸ்ட்டுக்காரங்க நோட்ட பொரட்டிப் பாத்துட்டு நேரா எங்க வூட்டுக் கதவத் தட்டுவாங்க. பாய், நீ கூட இதுக்குக் கூட்டா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது கொமரேசா. அல்லா மேல ஆணையா.”

“தெரியாதவங்க கடையிலதான் இதெல்லாம் வெப்பாங்க” என்றார் குமரேசன்.

எட்டுப் பேரும் வந்த வழியே வெறுங்காலோடு திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடையின் படியை யாரும் மிதிக்கவில்லை. ஊதா மை ஒருமுறை பட்டால் போகாது என்றார்கள். காலை வைத்தால் நிலம் அளப்பார்கள் என்றார்கள். கோபால்சாமி குடகிலிருந்து போன் செய்து, தன் குச்சியை அடுப்பில் போடச் சொன்னதாகக் கேள்வி. இரண்டு நாள் மழை பெய்து கடைக்கு முன்னால் மண் ஈரமாகக் கிடந்தபோது, டீக்கடைக்குப் போகிறவர்கள்கூடச் சாலையின் அந்தப் பக்கமாகவே சுற்றிப் போனார்கள்.

தாண்டவராயன் வாரம் ஒருமுறை வந்து, வெறும் கடையைப் பார்த்து, எதையோ எழுதிக்கொண்டு போனார்.

நாலாவது வியாழக்கிழமை செந்தாமரை வந்தாள். கடைக்குள் வரவில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் கல்மேல் நின்றுகொண்டு, ஒரு குச்சியை உயர்த்திக் காட்டினாள்.

“பாய், இது இன்னா நம்பரு?”

“எட்டு. யாருது அது, உங்க கொழுந்தனுதா? ஒம்போதா வாங்கு, அவன் கால் முன்னாடி அகலம்.”

“இது?”

“ஆறு.”

அவள் பக்கத்தில் ராஜ்குமார் போனை வைத்துக்கொண்டு நம்பர்களைத் தட்டிக்கொண்டிருந்தான். அமீனுல்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பிறகும் அடுத்த குச்சிக்கு “ஏழு” என்று சொல்லிவிட்டார். வாய் பழகிவிட்டது.

“தப்பா நெனச்சிக்காதீங்க பாய்” என்றாள் செந்தாமரை, சாலையைத் தாண்டிக் குரல் கொடுத்து. “போன்ல வாங்குனா கால் ரேகை கேக்க மாட்டான்.”

“கால் ரேகைதான் கேக்க மாட்டான். மத்ததெல்லாம் எடுத்துக்குவான்.”

“அது நமக்குத் தெரியாமத்தானே எடுக்குறான். மூஞ்சிக்கு நேரா மைப்பொட்டிய நீட்டல பாருங்க.”

ராஜ்குமார் தலை நிமிராமல், “பாய், இந்தக் கம்பெனியில ஏழுன்னா நம்ம ஏழா, இல்ல எட்டா?” என்றான்.

“நம்ம எட்டு” என்றார் அமீனுல்லா.

முப்பதாம் நாள் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தடித்த தாள். செங்கம் வட்டார அலுவலகத்தில் காலை பதினோரு மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும். அமீனுல்லா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் வாந்தி எடுத்த ஒரு குடும்பத்தோடு மலையிறங்கிப் போனார். அலுவலகத்தில் ஒரு காவலாளி இருந்தார், பதினாறு காலி நாற்காலிகள் இருந்தன.

“விசாரண ஆன்லைன்லங்க. லிங்க் வந்திருக்குமே” என்றார் காவலாளி.

“நேர்ல வரணும்னு போட்டிருக்குதே.”

“அது நீங்க வரணும்னு. அவங்க வரணும்னு போடலியே.”

அதிகாரிகளின் நாற்காலியில் உட்காரவைக்க முடியாததால், காவலாளி இரக்கப்பட்டுத் தன் ஸ்டூலைக் கொடுத்தார். அலுவலக வாசலில் உட்கார்ந்து, போனை மடியில் நிறுத்தி, அமீனுல்லா விசாரணைக்குள் நுழைந்தார். திரையில் வாரியத் தலைவர் விஜயராஜ் தன் வீட்டுக் கூடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கூரையைத் தொடும் உயரத்துக்குப் பிரித்த அட்டைப்பெட்டிகள்.

“நண்பர்களே, நான் ஒரு கடைக்குள் கால் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த இழப்பின் வலி என்னைப்போல் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் பொறுப்பை ஏற்றேன். ஒரு கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாரே, அது எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. நானே தேடிப் பார்த்துவிட்டேன்.”

அழைப்பு மணி ஒலித்தது. அவர் எழுந்து போனார். “நாலு, ஒன்று, ஒன்பது, ஒன்பது” என்று யாருக்கோ எண்களைச் சொல்வது எல்லோருக்கும் கேட்டது. இன்னொரு பெட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பிறகு தீர்ப்புகள் வாசிக்கப்பட்டன. வட்டாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு கடைகள். ஒரு துணிக்கடையில் மனைவி கணவனுக்குச் சட்டை எடுத்திருந்தாள், தொலைவணிகம். ஒரு பழக்கடையில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்காகச் சாத்துக்குடி வாங்கப்பட்டிருந்தது. சாப்பிடப்போகும் வாய் நேரில் வரவில்லை. வளையல் கடை ஒன்றில் அக்காவின் கையைத் தங்கை கை என்று பதிந்திருந்தார்கள், ஆள்மாறாட்டம். நூற்றுப் பதினொரு கடைகளிலும் விதிமீறல்.

“ஒரே ஒரு கடையில்தான் இருபத்திரண்டு நாட்களாக ஒரு விதிமீறல்கூட இல்லை” என்றார் தாண்டவராயன், இன்னொரு சிறிய சட்டத்துக்குள்ளிருந்து. “மேல்புளியங்கொட்டாய், அமீனுல்லா காலணியகம்.”

கைதட்டும் சின்னச் சின்னப் படங்கள் திரையில் பறந்தன.

“அங்கே எத்தனை கொள்முதல்?” என்று யாரோ கேட்டார்கள்.

“பூஜ்யம்” என்றார் தாண்டவராயன் பெருமையாக.

“நாற்பது வேண்டும் என்று விதி இருக்கிறதே?”

விஜயராஜ் கையை உயர்த்தினார். “நாற்பது என்பது இலக்கு. தூய்மை என்பது கொள்கை. இலக்குகள் வரும், போகும். இந்தக் கடையில் தவறான ஒரு கால்கூட நுழையவில்லை. மற்றவர்கள் விற்றார்கள், அதனால் தவறினார்கள். இவர் காத்தார். அறை மூன்றாண்டுக்கு இவருக்கே. இதே நிலையை இவர் அப்படியே பராமரித்தால் போதும். முதல் விதிமீறலிலேயே அறை திரும்பப் பெறப்படும்.”

“சார்” என்றார் அமீனுல்லா. “அப்ப யாவாரம் எப்பங்க பண்றது?”

“உங்கள் குரல் வரவில்லை” என்றார் விஜயராஜ் புன்னகையோடு. “மகிழ்ச்சி உங்கள் முகத்திலேயே தெரிகிறது.”

திரும்பும் பஸ்ஸில் வாணியம்பாடியிலிருந்து மனைவி ஷம்ஷாத் போன் செய்தாள்.

“ரூம் கெடச்சிச்சா?”

“கெடச்சிச்சு. மூணு வருசம்.”

“யாவாரம்?”

“யாவாரம் பண்ணாததுக்குத்தான் ரூமே குடுத்திருக்காங்க.”

“நல்லா விசாரிச்சீங்களா? நம்மள வெச்சி ஏதோ பண்றாங்க. எதுலயும் கையெழுத்து போடாதீங்க.”

“போட்டாச்சு. போன்லயே.”

அத்தாட்சி வந்தது, கண்ணாடிச் சட்டத்தோடு. வாசலுக்குக் குறுக்கே கட்டுவதற்கு ஒரு சிவப்புக் கயிறும் வந்தது. அமீனுல்லா காலையில் கடையைத் திறந்து, செருப்புகளைத் தூசி தட்டி, கயிற்றுக்கு உள்ளே உட்கார்ந்து, மாலையில் பூட்டினார். தூசி தட்டும்போதுகூட யாராவது பார்த்து விற்பனை என்று எழுதிவிடுவார்களோ என்று சாலையைப் பார்த்துக்கொண்டே தட்டினார். கடந்து போகிறவர்கள் எல்லோரும் வாரியத்தின் ஆட்களாகத் தெரிந்தார்கள். கடந்து போகிறவர்களுக்கோ அவர்தான் வாரியத்தின் ஆளாகத் தெரிந்தார்.

பங்குனியில் ஒரு நாள் பெரிய பஸ் ஒன்று மலையேறி வந்தது. முன்மாதிரிக் கடையைப் பார்வையிட மற்ற வட்டாரங்களிலிருந்து இருபத்திரண்டு அதிகாரிகள். தலைமை தாங்க விஜயராஜ் நேரிலேயே வந்திருந்தார். தாண்டவராயன் கயிற்றை அவிழ்த்து, குழுவை உள்ளே விட்டு, அலமாரி அலமாரியாக விளக்கினார்.

“கவனியுங்கள். எல்லா அளவிலும் செருப்பு இருக்கிறது. எல்லாம் முழுதாக இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை.”

அதிகாரிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அத்தாட்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். விஜயராஜ் கண்களை மூடி மூச்சை இழுத்து, “தோல் வாசனை. ஒன்பது வருஷம் ஆச்சு” என்றார்.

திரும்பிப் படியிறங்கும்போது அவருடைய வலது செருப்பின் வார் பட்டென்று அறுந்தது. அழகான செருப்பு, பெட்டியில் வந்த செருப்பு. அவர் ஒற்றைக் காலில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, அறுந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெயிலில் தார்ச்சாலை மின்னியது. பஸ் நூறடி தள்ளி நின்றது.

அவர் கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். பிறகு அமீனுல்லாவைப் பார்த்தார்.

“பாய், இந்தப் பக்கத்தில் செருப்பு எங்கே கிடைக்கும்?”

எட்டாம் நம்பர். பார்த்த உடனேயே தெரிந்தது. முன்பாதம் அகலம், குதிகால் உள்ளடங்கியது. மூன்றாவது தட்டு, இடமிருந்து இரண்டாவது ஜோடி அந்தக் காலுக்கென்றே தைத்ததுபோல் உட்காரும். அமீனுல்லாவின் கை தானாக உயர்ந்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்காத கேள்வி. அதுவும் கேட்டவர் நேரில் நிற்கிறார், காலோடு நிற்கிறார், வெறுங்காலோடு நிற்கிறார்.

இவ்வளவு பொருத்தமாக ஒருவர் ஏன் வந்து நிற்க வேண்டும்?

அமீனுல்லா ஓரக்கண்ணால் பார்த்தார். தாண்டவராயன் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். பதிவேடு திறந்திருந்தது. இருபத்திரண்டு அதிகாரிகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார் தானாக அறுந்ததா, அறுக்கப்பட்டதா என்று சொல்ல முடியவில்லை.

உயர்ந்த கையை அமீனுல்லா மெதுவாகக் கொண்டுபோய்த் தலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“இங்க கெடைக்காதுங்க சார்” என்றார். “இது அத்தாட்சி வாங்கின கடை.”